ஆயிரத்து இருநூறு சதுர அடி

கோண்டூர் தாண்டி, தார் முடிகிற இடத்தில்
மண்டிக் கிடந்தது எங்கள் மனை.
எங்கள் என்பது வாய்ப்பழக்கம்.
பத்திரத்தில் இப்போது ஒரு பெயர்தான்.

பதினேழு வருடமாக
மஞ்சக்குப்பத்து வீடுகளில் மீட்டர் படிக்கிறேன்.
எந்த வீட்டில் நாயை அவிழ்த்து விட்டிருப்பார்கள்,
எந்தப் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருக்கும்,
எல்லாம் தெரியும்.
சொந்த மனையின் நாலு கல்லில்
ஒன்று எங்கே என்று மட்டும் தெரியாது.

தேசிங்கு ஏழு மணிக்கே ஜேசிபியோடு வந்துவிட்டான்.
குறைந்தது மூன்று மணி நேரக் கூலி, டீ தனி.
"பாம்பு இருக்குமா?" என்றேன்.
"இருந்தா அதுக்கும் நம்ம சத்தம் கேட்டிருக்கும்."

சீமைக்கருவேலம் முதலில் சாய்ந்தது.
புழுதியும் மஞ்சள் நெற்றும் உதிர்ந்தன, வேறொன்றுமில்லை.
வேர்தான் வர மறுத்தது.
தோண்டத் தோண்ட
பக்கத்து மனைக்குள் போய்க்கொண்டே இருந்தது,
கல் நடுவதெல்லாம் மேலே இருப்பவர்கள் விவகாரம் என்பதுபோல.

பிறகு எருக்கு, ஊமத்தை, சேலையைப் பிடித்த நாயுருவி.
தானே புயலில் எவர் கூரையிலிருந்தோ பறந்து வந்த
ஆஸ்பெஸ்டாஸ் பாதி.
உடையாத கம்மோடு ஒன்று.
எந்த வருடத்துச் சதுர்த்தியோ, கரையாத பிள்ளையார்.
"அந்த ஷீட்டு எங்களுதில்ல" என்றாள்
மெஹருன்னிசா அக்கா, மதிலுக்கு மேல் தலை நீட்டி.
நான் கேட்கவே இல்லை.

நாலாவது கல்
அவள் தண்ணீர்த்தொட்டிக்கு அடியில்
அரையடி முகம் காட்டியது.
இரண்டு பேருமே பார்த்தோம்.
டீ கொடுத்தனுப்பினாள். சர்க்கரை அதிகம்.

ஒன்பதரைக்கு தேசிங்கு எஞ்சினை நிறுத்தினான்.
முள்ளுக்குள் ஓர் ஒற்றையடித் தடம்,
ஆள் குனிந்து போகும் உயரத்துக்குக் கிளை கழித்து.
உள்ளே ஒரு பாய் அளவு, பெருக்கிய தரை.
பிளாஸ்டிக் நாற்காலி, பின்னங்காலில் கட்டுக்கம்பி.
பாட்டில் இல்லை, பீடித்துண்டு இல்லை.
தேடினேன். கோபப்பட ஏதாவது வேண்டியிருந்தது.
பிறகு உட்கார்ந்தேன்.
அங்கிருந்து ரோடு தெரியவில்லை, மதில் தெரியவில்லை.
தெற்கிலிருந்து சிப்காட் வாடை மட்டும், வழக்கம்போல்.
கோர்ட்டுக்கு அலைந்த ஆறு வருடமும்
இப்படி ஓர் இடத்தைத்தான் தேடினேன்.
என் பெயரிலேயே இருந்திருக்கிறது.

"நவுத்திடவா, மேடம்?"
நவுத்து என்றேன்.

பதினொரு மணிக்கு மனை மொட்டையாகக் கிடந்தது.
காடாக இருந்தவரை பெரிய இடம்.
இப்போது நாலு எட்டு வைத்தால் ஹால்,
திரும்பினால் சமையற்கட்டு, சுவரில் இடிக்கிறது முழங்கை.
இதற்கா பி.எஃப். பணம் என்று நின்றேன்.
"கடைக்கால் எடுத்தா இன்னும் சின்னதாத் தெரியும்.
செவுரு எழும்புனா பெருசாயிடும்"
என்றான் தேசிங்கு, நோட்டுகளை எண்ணியபடி.

சாயங்காலம், விறகுக்காரர் பேரம் முடித்துப் போன பிறகு
ஒரு பையன் சைக்கிளில் வந்தான்.
கம்பெனிச் சட்டை. இருபது, இருபத்திரண்டு இருக்கும்.
தடம் தொடங்கிய இடத்தில் ஒற்றைக் காலை ஊன்றி நின்றான்.
மரம் இருந்த இடத்தில் வானம் இருந்தது,
அதையே பார்த்தான்.
"சேர் உன்னுதாப்பா?"
"இல்லக்கா."
சைக்கிளைத் திருப்பிவிட்டுச் சொன்னான்:
"பின்னாடி சாயாதீங்க, கம்பி கழண்டுக்கும்."

நாளைக்கு மேஸ்திரி கயிறு பிடிக்க வருகிறார்.
தற்காலிக இணைப்புக்கு மனு கொடுத்தாயிற்று.
இந்தப் பகுதி என் பட்டியலில் வராது,
வேறு யாரோ வந்து பெட்டியைத் திறந்து படிப்பார்கள்,
நாய் இருக்கிறதா என்று வாசலில் நின்று கேட்பார்கள்.
வாசல் எந்தப் பக்கம் என்றே இன்னும் முடிவாகவில்லை.

நாற்காலியைப் பூட்டி வைக்க இடமில்லை.
அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்,
நாலு கல்லுக்கு நடுவில்.
இப்போதைக்கு
மூன்று என்று சொல்ல வேண்டும்.